போட்டி என்னும் வேடம்: வணிகக் கூட்டுச்சதி குற்றமாகுமா?

ஒரே பண்டத்தை விற்கும் நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை நிர்ணயிப்பதையும், உற்பத்தியைக் குறைப்பதையும், வாடிக்கையாளர்களைப் பங்கிட்டுக்கொள்வதையும், ஒப்பந்தப்புள்ளியில் இம்முறை எவர் வெல்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்வதையும் பொருளியலார் கார்ட்டெல் என்று குறிப்பிடுகின்றனர். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இது பெரும்பாலும் சிண்டிகேட் என்றே வழங்குகிறது. இச்செயல் தடுக்கப்பட வேண்டியது என்பதில் இன்று பல நாடுகளின் சட்டங்கள் ஒத்துப்போகின்றன. ஆனால் இதைச் செய்தவரைக் குற்றவாளியாக அறிவித்துச் சிறைக்கு அனுப்புவதா, அவருடைய நிறுவனத்துக்கு அபராதம் விதிப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்பதில் அத்தகைய ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் 1890இல் இயற்றப்பட்ட ஷெர்மன் சட்டம் தொடக்கத்திலிருந்தே இதைக் குற்றமாகக் கொண்டது. 1974இல் அது கடுங்குற்றங்களின் வரிசைக்கு உயர்த்தப்பட்டது, 2004இல் அதிகபட்சச் சிறைத்தண்டனை 10 ஆண்டுகளாயிற்று. ஐரோப்பிய ஆணையமோ நிறுவனங்களின் மீது அபராதம் மட்டுமே விதிக்கிறது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டமும் அவ்வழியையே மேற்கொண்டது. இங்கே போட்டி ஆணையத்தின் உத்தரவுக்குப் பணியாதவர் சிறை செல்ல நேரலாமே தவிர, கூட்டுச்சதி செய்தவர் அதற்காகவே சிறை செல்வதில்லை.

இந்த வேறுபாட்டின் அடியில் சட்டத்தைவிடப் பழைய ஒரு கேள்வி இருக்கிறது. மேலை நாட்டுச் சட்ட மரபு தவறுகளை இரண்டாகப் பிரிக்கும். கொலை, களவு, பொய்ச்சான்று போன்றவை தம்மளவிலேயே தீயவை. அவற்றைத் தடுக்கும் சட்டம் இல்லாத நாட்டிலும் அவை தீமைகளே. சாலையின் இடப்புறம் செல்ல வேண்டும் என்ற விதியை மீறுவது அப்படிப்பட்டதன்று. தடை விதிக்கப்பட்டதாலேயே அது தவறாகிறது. கூட்டுச்சதி இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்பது தெளிவாகாதவரை, அதற்குச் சிறை பொருந்துமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காது. குற்றம் என்று பெயரிடுவது ஒரு செயலுக்கு இவ்வளவு விலை என்று குறிப்பதைப் போன்றதன்று. அது ஒரு மனிதரைச் சமூகம் முழுவதும் சேர்ந்து பழிப்பதாகும், பழிப்பதற்குப் பழிக்கத்தக்க செயல் ஒன்று இருந்தாக வேண்டும்.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த வழக்கு 1961இல் பிலடெல்ஃபியா நகரில் முடிவுற்றது. ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உள்ளிட்ட 29 நிறுவனங்களும் அவற்றின் 45 அதிகாரிகளும் கனரக மின்சாதனங்களின் விலையைக் கூடிப்பேசி நிர்ணயித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், முத்திரையிட்ட உறைகளில் வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வந்த விலைகள் கடைசி செண்ட் வரை ஒன்றாக இருப்பதை 1959இல் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது; விசாரணை தொடங்கியபோது அந்த ஒற்றுமையின் சூட்சுமம் வெளிவந்தது. ஒரு பிரிவுச் சாதனங்களில் எந்த இருவாரத்தில் எவர் குறைந்த விலை கேட்பது, மற்றவர்கள் எவ்வளவு கூட்டிக் கேட்பது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றே இருந்தது; முறை மாறும் கால இடைவெளியை ஒட்டி அதற்கு நிலவின் பிறைகள் என்று பெயர் வைத்திருந்தனர். கூட்டங்களுக்குத் தேவாலயப் பாடற்குழுப் பயிற்சி என்றும், வருகைப் பட்டியலுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் பட்டியல் என்றும் மறைபெயர்கள் வழங்கின. நிறுவனங்கள் எண்களால் குறிக்கப்பட்டன, கடிதங்கள் பெயரற்ற உறைகளில் சென்றன, பேச வேண்டியவை பொதுத் தொலைபேசிகளிலிருந்து பேசப்பட்டன. ஏழு அதிகாரிகளுக்கு 30 நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அபராதங்களின் கூட்டுத்தொகை சுமார் 20 லட்சம் டாலர். தண்டனை பெற்ற அதிகாரிகளிற் பலர் தத்தம் ஊரில் தேவாலயப் பொறுப்புகளிலும் அறப்பணிகளிலும் இருந்தவர்கள், முன்பு எந்த வழக்கிலும் சிக்காதவர்கள்.

பின்னர் செனட் துணைக்குழுவின் முன் சாட்சியளித்த ஓர் அதிகாரி, தாம் செய்தது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அது குற்றச்செயல் என்று தமக்குத் தோன்றியதே இல்லை என்றும், குற்றம் என்றால் எவருக்காவது தீங்கு செய்வது என்றே கருதியிருந்ததாகவும், தாங்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்றும் கூறினார். இச்சாட்சியை வெறும் சமாளிப்பு என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளுவது சரியன்று, ஏனெனில் அவர் சொன்னது அக்கால வணிக உலகில் பரவியிருந்த நம்பிக்கை. அதற்கு மறுப்புச் சொல்ல முடியாதவருக்கு அவரைச் சிறையில் அடைக்கும் உரிமையும் இல்லை.

அவருக்குத் துணையாக வரலாறும் நிற்கிறது. ஜெர்மனியின் அன்றைய உச்ச நீதிமன்றம், சாக்சனியின் மரக்கூழ் உற்பத்தியாளர்கள் செய்துகொண்ட விலை ஒப்பந்தம் செல்லத்தக்கது என்றும், அதை மீறிய உறுப்பினர் ஒப்பந்தத்தில் குறித்த தண்டத்தொகையைச் செலுத்தக் கடமைப்பட்டவர் என்றும் 1897இல் தீர்ப்பளித்தது. ஒரு நாட்டில் சிறைக்கு வழிவகுக்கும் உடன்படிக்கையை இன்னொரு நாடு அதே காலத்தில் நீதிமன்றத்தின் வலிமையைக் கொண்டு காப்பாற்றியது என்றால், அது தன்னளவில் தீயதாக எப்படி இருக்க முடியும்? களவை நிறைவேற்றித் தரும்படி எந்த நீதிமன்றமும் ஆணையிட்டதில்லை. இந்த எதிர்வாதம் வலுவானது. ஆயினும் ஜெர்மனியில் காப்பாற்றப்பட்டது எது என்பதை உற்றுநோக்க வேண்டும். அங்கிருந்த ஒப்பந்தங்கள் பெயரும் முகவரியும் உடையவை, நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டக்கூடியவை. 1893இல் அமைந்த ரைன்–வெஸ்ட்ஃபாலிய நிலக்கரிக் கூட்டமைப்பு ஊரறிய இயங்கிய விற்பனை நிலையமாகவே இருந்தது. அதனிடம் நிலக்கரி வாங்கியவர், தாம் ஒரு கூட்டமைப்பிடம் வாங்குவதை அறிந்தே வாங்கினார். பிலடெல்ஃபியா வழக்கின் அதிகாரிகளோ போட்டி இல்லாததை மறைத்ததோடு, போட்டி இருப்பதாக நடித்தும் காட்டினர். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததே குழப்பத்தின் வேர்.

பழைய அறநூல்களும் சமயச் சட்ட அறிஞர்களும் இவ்வேறுபாட்டை ஓரளவு உணர்ந்திருந்தனர். மதீனாவில் விலை ஏறியபோது மக்கள் விலையை நிர்ணயித்துத் தரும்படி கேட்க, நபிகள் நாயகம் அதற்கு இணங்கவில்லை என்பது இஸ்லாமிய மரபில் புகழ்பெற்ற செய்தி. சந்தையில் பண்டம் அரிதானதால் ஏறும் விலையில் எவருடைய அநீதியும் இல்லை, அதைக் கட்டுப்படுத்துவதே விற்பவருக்குச் செய்யும் அநீதியாகிவிடும் என்று இச்செய்தியைப் பின்வந்தோர் விளக்கினர். 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா, சந்தை மேற்பார்வை பற்றிய தமது நூலில், இயல்பாக ஏறும் விலையையும் விற்பனையாளர் கூடி ஏற்றும் விலையையும் பிரித்துப் பார்த்தார். முன்னதில் ஆட்சியாளர் தலையிடலாகாது. பின்னதில் நியாய விலையை அவரே விதிக்கலாம், விதிக்கவும் வேண்டும். சொத்துகளைப் பங்கிட்டுத் தரும் பணியாளர்கள் தமக்குள் கூட்டுச் சேர்வதை இமாம் அபூ ஹனீஃபாவும் அவருடைய மாணவர்களும் தடுத்ததை அவர் முன்னுதாரணமாகக் காட்டுகிறார்: மக்களுக்கு அவர்களுடைய சேவை தவிர்க்க முடியாதது, அவர்கள் ஒன்றுசேர்ந்தால் கூலி ஏறிவிடும் என்பதே காரணம். இங்கே தவறு விலையின் உயரத்தில் இல்லாமல் விலை பிறந்த விதத்தில் வைக்கப்படுகிறது என்பதும், அதற்குரிய மருந்தாக விலைக் கட்டுப்பாடும் கூட்டுத் தடையும் முன்வைக்கப்படுகின்றன என்பதும் கருதத்தக்கவை.

அர்த்தசாஸ்திரம் இன்னும் கடுமையானது. சமூகத்தின் முட்களை அகற்றுவதைப் பற்றிய அதன் நான்காம் அதிகரணம், வணிகர்கள் ஒன்றுகூடிச் சரக்கைத் தேக்கிவைத்தாலோ தகாத விலைக்கு விற்றாலோ ஆயிரம் பணம் தண்டம் விதிக்கிறது. திருடர் என்ற பெயர் இல்லாத திருடர்களின் வரிசையில் வணிகரையும் கைவினைஞரையும் வைக்கிறது. அவ்வாறு ஒட்டுமொத்தமாகப் பழிப்பது நியாயமன்று, கைவினைஞரின் கூட்டுக்கும் அதே ஆயிரம் பணத்தை விதிப்பது அதைவிடவும் நியாயமன்று. எனினும், களவு என்ற சொல்லை அந்நூல் இவ்விடத்துக்குக் கொண்டுவந்தது சிந்திக்கத்தக்கது.

கூட்டுச்சதி உண்மையிலேயே களவாகுமா? களவில் பொருளுடையவர் உடன்படுவதில்லை. இங்கே வாங்குபவர் விலையைப் பார்த்து, உடன்பட்டு, பணத்தைத் தாமே எடுத்துக் கொடுக்கிறார். விலை அதிகம் என்பது மட்டும் அநீதியைக் காட்டாது, ஏனெனில் தனித்து நிற்கும் ஒரு விற்பனையாளர் எவ்வளவு கேட்டாலும் அவரைத் திருடர் என்று எவரும் சொல்வதில்லை. நான்கு பெரிய நிறுவனங்கள் ஒன்றன் விலைப்பட்டியலை மற்றொன்று பார்த்து, ஒரு சொல்லும் பேசாமல் தத்தம் விலையை உயர்த்தினால் வாங்குபவருக்கு நேரும் இழப்பு கூட்டுச்சதியால் நேர்வதற்கு ஈடாகவே இருக்கலாம். ஆயினும் உடன்படிக்கை ஏதும் இல்லாததால் சட்டங்கள் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆக, இழப்பு மட்டுமே குற்றத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சுவது ஏமாற்று ஒன்றே. ஒப்பந்தப்புள்ளியை ஓர் உறையிலிட்டு முத்திரை வைத்துக் கொடுப்பவர், இது தாம் தனித்து எண்ணிக் கணக்கிட்ட விலை என்ற உறுதியையும் அந்த உறையோடு சேர்த்தே கொடுக்கிறார். அந்த உறுதியை நம்பித்தான் கேட்பவர் மூன்று விலைகளை ஒப்பிடுகிறார், ஒப்பிட்டதால்தான் குறைந்த விலையை நியாயமான விலை என்று ஏற்கிறார். அவருடைய உடன்பாடு பொய்யான அடித்தளத்தின் மேல் பெறப்பட்டது. பொய்யால் பெற்ற உடன்பாடு உடன்பாடாகாது என்பது வஞ்சகம் பற்றிய எல்லாச் சட்டங்களும் ஏற்கும் நெறி. ஜெர்மனி இன்றுவரை பொதுவான கூட்டுச்சதியை நிர்வாக விதிமீறலாகவே நடத்தினாலும், ஒப்பந்தப்புள்ளியில் கூடிப்பேசுவதை மட்டும் 1997இல் தன் தண்டனைச் சட்டத்துக்குள் குற்றமாகச் சேர்த்தது இந்நெறிக்கு இசைந்ததே.

ஒப்பந்தப்புள்ளியில் சொல்லாமற்சொன்ன உறுதி இருக்கலாம், கடை அலமாரியில் வெறும் விலைச்சீட்டுதானே இருக்கிறது, விற்பவர் வாய்திறந்து எந்தப் பொய்யும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். மௌனம் எல்லாவிடத்தும் பொய்யாகாது என்பது உண்மை. ஆனால் வாங்குபவர் எதை நம்பி நடப்பார் என்பதை நன்கறிந்து, அந்த நம்பிக்கையைக் கெடாமல் காப்பதற்காகவே பாடுபட்டு மறைப்பவரின் மௌனம் வெறும் மௌனமன்று. பாடற்குழுப் பயிற்சி என்ற மறைபெயரின் தேவை அங்கேதான் பிறந்தது. எவருக்கும் தீங்கில்லை என்று நம்பியவர்களுக்கு மறைபெயர்கள் எதற்கு?

பிரிட்டன் இதே கருத்தை வேறொரு வழியில் சட்டமாக்க முயன்று தடுமாறியது. 2002இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், நேர்மையின்றிக் கூட்டுச்சதியில் ஈடுபடுவதை ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நேர்மையின்மை என்பது சாதாரண மக்களின் அளவுகோலால் பார்க்கப்பட வேண்டியதாக இருந்தது. அந்த அளவுகோல் அரசுத் தரப்புக்குச் சுமையாயிற்று. எஃகு நீர்த்தொட்டிகள் பற்றிய வழக்கில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னும், நேர்மையற்று நடக்கவில்லை என்று வாதிட்ட மற்ற இருவரை ஜூரிகள் 2015இல் விடுவித்தனர். அதற்கு முன்பே, 2013இல், நேர்மையின்மை என்ற நிபந்தனை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தது, ஆனால் திருத்தத்துக்கு முந்திய செயல்களுக்குப் பழைய சட்டமே பொருந்தியது. திருத்தத்தில் கவனத்துக்குரியது வேறொன்று: உடன்படிக்கையின் விவரத்தை வாடிக்கையாளர் வாங்குமுன் அறியும்படி செய்திருந்தால், அல்லது முறைப்படி வெளியிட்டிருந்தால், அது குற்றமாகாது என்ற விலக்கு சேர்க்கப்பட்டது. இது தப்பிக்கும் துளை என்று பலர் குறை கூறினர். உண்மையில் அச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம். ஊரறியச் சொல்லப்பட்ட கூட்டு கேடானதாக இருக்கலாம், அதைத் தடைசெய்யவும் அபராதம் விதிக்கவும் அரசுக்கு உரிமை உண்டு; எனினும் அதில் வஞ்சகம் இல்லாததால் சிறைக்கு இடமில்லை.

எவருக்கும் தீங்கில்லை என்ற சொல்லை இனி நேரே எடுத்துக்கொள்ளலாம். லைசின் என்பது பன்றிக்கும் கோழிக்கும் இடும் தீவனத்தில் கலக்கப்படும் ஓர் அமினோ அமிலம். ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற அமெரிக்க நிறுவனம் 1991இல் அச்சந்தைக்குள் நுழைந்ததும் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. உடனே அந்நிறுவனமும் ஜப்பான், கொரியா நாடுகளின் உற்பத்தியாளர்களும் கூடி விற்பனை அளவுகளைப் பங்கிட்டு விலையை உயர்த்தினர். உள்ளிருந்த ஓர் அதிகாரியின் உதவியால் அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை அக்கூட்டங்களை ஒளிப்பதிவு செய்தது. போட்டியாளர்கள் நண்பர்கள், வாடிக்கையாளர்களே எதிரிகள் என்ற கருத்து அந்நிறுவனத்தின் வழக்குமொழியாகவே இருந்ததைப் பதிவுகள் காட்டின. 1996இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிட்ரிக் அமிலக் கூட்டையும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. உயர் அதிகாரிகள் பின்னர் சிறை சென்றனர். இங்கே இழந்தவர் யார்? தீவனம் வாங்கிய பண்ணையாளர், அவரிடம் இறைச்சி வாங்கிய வணிகர், முட்டை வாங்கிய குடும்பம். ஒவ்வொருவரும் இழந்தது சில செண்டுகள். இழந்ததையே அவர்கள் அறியவில்லை.

மெய்யியலறிஞர் ஜொனதன் குளோவர் 1975இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கற்பனை நிகழ்ச்சியைக் கூறுகிறார். நூறு பேர் ஆளுக்கு நூறு அவரைக் கொட்டைகள் கொண்ட கிண்ணத்தோடு உண்ண அமர்ந்திருக்க, நூறு கொள்ளையர் வந்து ஆளுக்கொரு கிண்ணத்தைப் பறித்துச் செல்கின்றனர். அடுத்த முறை மனசாட்சி உறுத்தவே, ஒவ்வொரு கொள்ளையரும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு கொட்டையை மட்டும் எடுக்கின்றனர். ஒரு கொட்டை குறைந்ததை எவராலும் உணர முடியாது, ஆகவே எந்தக் கொள்ளையரும் எவருக்கும் உணரத்தக்க தீங்கு செய்யவில்லை. ஆனால் கிண்ணங்கள் முன்போலவே காலியாகிவிட்டன. தீங்கை நுண்ணிய துணுக்குகளாக்கிப் பலர்மேல் பரப்பினால் அது தீங்கே இல்லாமற் போய்விடும் என்ற எண்ணத்தின் பொய்மையை இது காட்டுகிறது. செனட் துணைக்குழுவின் முன் பேசிய அதிகாரியின் மனத்தில் இருந்தது இந்த எண்ணமே. தீங்குற்றவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. தொகை மட்டும் அவருடைய நிறுவனத்தின் கணக்கில் முழுமையாக வந்து சேர்ந்தது.

சிறைத்தண்டனையை ஆதரிப்போர் பலர் இவ்வழியாக வருவதில்லை. அவர்களுடைய வாதம் பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1968இல் வகுத்த கணக்கிலிருந்து வருகிறது. பிடிபடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்றால், அபராதம் லாபத்தைப்போல ஐந்து மடங்குக்குமேல் இருந்தால்தான் அச்சம் பிறக்கும். அவ்வளவு பெரிய அபராதத்தைச் செலுத்தினால் நிறுவனம் வீழ்ந்து தொழிலாளர் வேலை இழப்பர். ஆகவே அதிகாரியைச் சிறையில் அடைப்பதே மலிவான வழி. இந்தியாவின் அனுபவம் அபராதத்தின் மெலிவை வேறொரு விதத்திலும் காட்டுகிறது: சிமெண்ட் நிறுவனங்களின் மீது போட்டி ஆணையம் 2012இல் ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, 2015இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது, 2016இல் மீண்டும் அபராதம் விதிக்கப்பட்டது, 2018இல் அது உறுதிசெய்யப்பட்டு, பின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. இத்தனை ஆண்டுகளில் அத்தொகையின் அச்சுறுத்தல் மங்கிப்போவது இயல்பே. கணக்கு சரியாக இருக்கலாம். ஆயினும் பிறரை அச்சுறுத்துவதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் அடைப்பது, அவரை ஒரு கருவியாக மட்டும் பயன்படுத்துவதாகும் என்ற மெய்யியலறிஞர் காண்ட்டின் எச்சரிக்கையை அது தீர்த்துவைக்கவில்லை. அச்சம் தண்டனையின் அளவுக்குக் காரணமாகலாம். தண்டனைக்கு உரியவர் என்பதை வஞ்சகமே நிறுவ வேண்டும்.

அச்சக் கணக்கில் பிறந்த இன்னொரு ஏற்பாடு முதலில் ஒப்புக்கொள்பவருக்கு முழு மன்னிப்பு. அமெரிக்க நீதித்துறை 1993இல் இதை விரிவாக்கிய பின், கூட்டுச்சதிகள் உள்ளிருந்தே உடையத் தொடங்கின. கிறிஸ்டீஸ், சாதபீஸ் ஏல நிறுவனங்கள் கட்டணங்களைக் கூடி நிர்ணயித்த வழக்கில் முதலில் முன்வந்த கிறிஸ்டீஸ் தப்பியது. சாதபீஸின் தலைவர் ஆல்ஃபிரட் டாப்மன் 2002இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்றார். சமவஞ்சகத்துக்குச் சமமற்ற பலன் என்பது உறுத்தும் செய்தி. பாவமன்னிப்பை ஏற்கும் சமயங்கள்கூட வருத்தத்தையும் ஈடுசெய்தலையும் கேட்கின்றன, முந்திக்கொண்டதை மட்டும் பார்த்து மன்னிப்பதில்லை. அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், மன்னிப்புப் பெற்ற நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு ஒத்துழைத்தால் வழக்கமான மும்மடங்கு இழப்பீட்டுக்குப் பதிலாக உண்மையான இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும் என்று விதித்தது. மன்னிப்பை ஈட்டோடு கட்டிவைத்த அளவில் அது அறத்துக்கு நெருங்கி வந்தது.

குற்றச் சட்டத்தை விரிப்பதில் உள்ள பேராபத்து தொழிலாளர் பக்கம் இருக்கிறது. முதலாளிகள் கூலியைக் குறைக்கக் கூடுவதைத் தடுக்கச் சட்டமில்லை, தொழிலாளர் கூலியை உயர்த்தக் கூடுவதைத் தண்டிக்க மட்டும் சட்டங்கள் உண்டு என்று 1776இலேயே ஆடம் ஸ்மித் எழுதினார். 1799, 1800ஆம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் சட்டங்கள் தொழிலாளர் கூட்டத்தைக் குற்றமாக்கின, 1824 வரை அவை நீடித்தன. பெருநிறுவனங்களை அடக்க வந்த ஷெர்மன் சட்டத்தை 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் மீது பிரயோகித்தது. மனித உழைப்பு விற்பனைச் சரக்கன்று என்று 1914இல் வேறொரு சட்டம் அறிவிக்க வேண்டிவந்தது. ஒன்றுகூடுவதே குற்றம் என்ற கொள்கைக்கு இந்த விபத்து தவிர்க்க முடியாதது. வஞ்சகமே குற்றம் என்று கொண்டால் இது நேராது: தொழிற்சங்கம் தன் பெயரோடு, தன் கோரிக்கையோடு முதலாளியின் முன் நிற்கிறது, எதிரே இருப்பது ஒரு சங்கம் என்பதை அவர் அறிவார். கூட்டாக விற்கும் உழவர் சங்கமும் அப்படியே.

குற்றம் என்று நிறுவிய பின்னும், எவரைச் சிறைக்கு அனுப்புவது என்பது எஞ்சுகிறது. பிலடெல்ஃபியா வழக்கில் சிறை சென்றவர்கள் பிரிவுகளை நடத்திய அதிகாரிகள். தலைமை இருக்கைகளில் இருந்தவர்கள் தமக்கு ஒன்றும் தெரியாது என்றனர். அடைய முடியாத லாப இலக்கை விதித்துவிட்டு, அது எப்படி எட்டப்பட்டது என்று கேளாமல் இருந்தவரின் அறியாமை எவ்வளவு தூரம் அவரைக் காக்கும் என்பதற்குக் குற்றவியல் சட்டம் இன்னும் தக்க விடை காணவில்லை. சிறை இழந்த பணத்தைத் திருப்பித் தருவதுமில்லை. அவ்வழக்கை அடுத்து மின்வாரியங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழப்பீட்டு வழக்குகளைத் தொடுத்து ஈடு பெற்றன. ஆனால் நேரே வாங்காமல், வாங்கியவரிடமிருந்து வாங்கியவருக்குக் கூட்டரசுச் சட்டத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை இல்லை என்று 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லைசின் கலந்த தீவனத்தில் வளர்ந்த கோழியின் முட்டையை வாங்கிய குடும்பம் அந்தத் தீர்ப்புக்கு அப்பால் நிற்கிறது. அக்குடும்பத்தின் பெயரால் வழக்குத் தொடுக்க வேறு எவரும் இல்லாத இடத்தில், அரசு பொதுமக்களின் பெயரால் தொடுக்கும் குற்ற வழக்கு ஒன்றே அதற்கு நேர்ந்ததை அநீதி என்று அறிவிக்கிறது.